1729 டாக்ஸி கதை தெரியும்... அந்த டாக்ஸி எங்கே போச்சு தெரியுமா? இங்கிலாந்தில் நோயாளியாக ராமானுஜன்

ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு எண் சுற்றும். 1729. பேராசிரியர் ஹார்டி ஒரு டாக்ஸியில் வந்தார், அதன் எண் 1729, அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை என்று ராமானுஜனிடம் சொன்னார். ராமானுஜன் யோசிக்கவே இல்லை. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அதுதான் என்று விளக்கினார். 1-ன் கனத்தையும் 12-ன் கனத்தையும் கூட்டினாலும் 1729. 9-ன் கனத்தையும் 10-ன் கனத்தையும் கூட்டினாலும் 1729.

சரி, அந்த டாக்ஸி எங்கே போச்சு? லண்டனில் பட்னி என்ற பகுதியில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு. ஹார்டி அன்றைக்குப் போனது உடம்பு சரியில்லாத நண்பரைப் பார்க்க.

ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்தது ஏறக்குறைய 5 ஆண்டுகள். அதில் கடைசி 2 ஆண்டுகளின் பெரும்பகுதி ஆஸ்பத்திரி, சானடோரியம், நர்சிங் ஹோம் என்றே போனது. வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையை விட பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்குக் காசில்லாத வீடு

1887 டிசம்பர் 22, ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா சேலைக் கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்க மறுத்து, கல்லூரித் தேர்வுகளில் தோற்ற கதை எல்லோருக்கும் தெரியும். நமக்கு இங்கே வேண்டியது அவருடைய உடம்பின் கதை.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது அவருக்குக் கடுமையான சீதபேதி வந்தது. ஊருக்குத் திரும்பி சில மாதங்கள் படுத்துக் கிடந்தார். இந்த சீதபேதியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

1909 ஜூலையில் ஜானகியுடன் திருமணம். அதன்பிறகு ராமானுஜனுக்கு விரைவீக்கம் வந்தது. சாதாரண ஆபரேஷன்தான், ஆனால் அதற்குக் கொடுக்க வீட்டில் பணமில்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் தானே முன்வந்து இலவசமாகச் செய்து கொடுத்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் மறுபடி உடம்பு மோசமானது. பிழைப்போமா என்ற பயத்தில், தன் கணித நோட்டுப் புத்தகங்களை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்னாரிடம் சேர்த்துவிடு என்று சொல்லி வைத்தார். அப்போது அவருக்கு 22 வயது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம். பிறகு நடந்ததெல்லாம் சினிமாவிலேயே வந்துவிட்டது.

கப்பலில் ஒரு டாக்டர்

1914 மார்ச் 17, எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. ராமானுஜன் கையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை, ஆண்டுக்கு 250 பவுண்டு. பயணச் செலவு தனி. அந்தக் கப்பலில் இன்னொரு தென்னிந்தியரும் இருந்தார். காசநோய் நிபுணரான டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மென்டிப் மலைப் பகுதியில் சொந்தமாக ஒரு சானடோரியம் நடத்தி வந்தவர். ஒரே கப்பலில் போன இவர்கள் மூன்றரை வருடம் கழித்து டாக்டரும் நோயாளியுமாகச் சந்தித்தார்கள்.

ஏப்ரல் 14-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். முதல் சில வாரம் நெவில் என்ற கணிதப் பேராசிரியர் வீட்டில் தங்கல். பிறகு டிரினிட்டி கல்லூரியிலேயே அறை கிடைத்தது. ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. கல்லூரி வளாகமே காயம்பட்ட சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியாக மாறியது. கணக்குப் போட வந்தவர் கண் முன்னால் ஸ்ட்ரெச்சர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரு விஷயத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கஷ்டமாக இருந்தது. பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனபோது, ராத்திரி குளிர் தாங்கவில்லை, கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் அழகாக மடித்து, மெத்தைக்குள் செருகி வைக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் மேலேயே படுத்திருந்தார். யாரிடமும் கேட்கவும் இல்லை.

யாரிடமும் கேட்காதது. இந்தக் குணம் பின்னால் அவருக்கு ரொம்பப் பெரிய விலை வைத்தது.

சாப்பாடு

சுத்த சைவம். கல்லூரிச் சமையலறையில் எதை எதில் பொரிக்கிறார்களோ என்ற சந்தேகம். அதனால் அறையிலேயே சொந்தச் சமையல். ஊரிலிருந்து பார்சலில் வரும் சாமான்கள் போர் நேரத்தில் எப்போது வரும் என்றே தெரியாது. கணக்கு ஓடும்போது சமைக்கவும் மறந்துவிடுவார், தூங்கவும் மறந்துவிடுவார். கூடப் பேச வீட்டு ஆட்களும் இல்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியார் கையைத் தாண்டி வரவே இல்லை. ஒரு கட்டத்தில் ராமானுஜனும் ஊருக்கு எழுதுவதைக் குறைத்து, கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். அவர் எப்படி இருக்கிறார் என்று நண்பர்கள் ஹார்டியிடம் விசாரிக்க வேண்டிய நிலை.

1917: முதல் அட்மிஷன்

1917 வசந்தகாலத்தில் உடம்பு ஒரேயடியாக விழுந்தது. காய்ச்சல், வயிற்று வலி, எடை குறைவு. கேம்பிரிட்ஜிலேயே ஒரு நர்சிங் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். பெரும் போர் நடந்துகொண்டிருந்தது, கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கூட்டிக்கொண்டு போய் ஊரில் விடலாம் என்றால் வழியே இல்லை.

முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு டிபி என்றார்கள். இளைஞர், வெயில் நாட்டிலிருந்து வந்தவர், காய்ச்சல், மெலிவு என்றால் அந்தக் காலத்தில் டாக்டர்களின் புத்தி முதலில் போவது காசநோய்க்குத்தான். சௌரிமுத்துவின் மென்டிப் மலை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கொஞ்ச காலம். பிறகு டெர்பிஷயரில் மேட்லாக் என்ற ஊர், நீண்ட காலம். பிறகு லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம். கடைசியாக பட்னி. எண்ணிப் பாருங்கள், இரண்டு வருடத்துக்குள் ஐந்து இடம்.

செலவு யார் பார்த்தது? இன்சூரன்ஸ் இருந்ததா?

இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் வந்த கேள்வி இதுதான். அப்போது பிரிட்டனில் இன்சூரன்ஸ் இருந்தது. 1911-ல் தேசிய காப்பீட்டுச் சட்டம் வந்தது. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். டாக்டரும் மருந்தும் கிடைக்கும், காசநோய் வந்தால் சானடோரிய சிகிச்சையும் அதில் உண்டு.

ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களுக்கான திட்டம். உடலுழைப்புத் தொழிலாளர்களும், ஆண்டுக்கு 160 பவுண்டுக்குள் சம்பாதிக்கும் மற்ற ஊழியர்களும்தான் அதில் வருவார்கள். ராமானுஜன் யாரிடமும் வேலை பார்க்கவில்லை, வந்தது உதவித்தொகை. எல்லோருக்கும் பொதுவான என்.ஹெச்.எஸ். 1948 ஜூலை 5-ல்தான் பிறந்தது.

ஆக, அவருக்கு இருந்த பாதுகாப்பு என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 250 பவுண்டும் டிரினிட்டி கொடுத்த 60 பவுண்டும்தான். அதிலும் ஆண்டுக்கு 50 பவுண்டு வீட்டுக்குப் போய்விடும். பணத்தைத் தாண்டி அவருக்கு வேறொரு பலம் இருந்தது, அதுதான் ஹார்டி. டாக்டர்களிடம் பேசுவது, இடம் மாற்றுவது, சென்னைக்கு நிலவரம் எழுதுவது எல்லாம் அவர்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புரியும், எமர்ஜென்சி கான்டாக்ட் என்ற கட்டத்தில் எழுத ஒரு பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

(இன்றைய நிலவரம் கேட்பவர்களுக்காக: பிரிட்டனுக்கு 6 மாதத்துக்கு மேல் படிக்கப் போகும் மாணவர்கள் விசாவுடன் சேர்த்தே ஹெல்த் சர்சார்ஜ் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் அது ஆண்டுக்கு 776 பவுண்டாக உயர்ந்தது. கட்டினால் மட்டும் போதாது. போய் இறங்கியதும் பக்கத்தில் உள்ள ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிய வேண்டும். நிறைய பேர் காய்ச்சல் வந்த பிறகுதான் இதைச் செய்ய ஓடுகிறார்கள்.)

திறந்த ஜன்னல்

டிபிக்கு அப்போது மாத்திரை கிடையாது. சுத்தமான குளிர்ந்த காற்றுதான் சிகிச்சை. ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும், அறையில் கணப்பு கிடையாது. இங்கிலீஷ்காரர்களுக்கே நடுங்கும். கும்பகோணத்துக்காரரை நினைத்துப் பாருங்க. சேர்ந்த புதிதில் கொஞ்ச நேரம் நெருப்பு மூட்டினார்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். குளியலறை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொண்டு தினமும் கொஞ்ச நேரம் அங்கே போய் உட்கார்ந்து கணக்குப் போடலாம் என்று ஹார்டிக்கு எழுதினார். வெளியே பனி, உள்ளே குளியலறையில் எண் கோட்பாடு!

1918 கோடையில் ராமலிங்கம் என்ற தமிழ் இன்ஜினீயர் மேட்லாக் போய் சில நாள் கூடத் தங்கினார். கடலூர்க்காரர், இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். அவர் அங்கிருந்து திரும்பி ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அவருடைய பெரிய கவலை சாப்பாடு. நம்ம ஊர்ச் சாப்பாடு சமைக்கத் தெரியாத சமையல்காரர், நினைத்தது கிடைக்காவிட்டால் சாப்பிடவே மறுக்கும் நோயாளி. போர்க்காலத் தட்டுப்பாடு வேறு. நியாயமாகச் சொன்னால், ராமானுஜன் சுலபமான நோயாளி இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்காமல் அடம் பிடித்தார் என்பதை ஹார்டியே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த 1918 தொடக்கத்திலேயே அவர் மனதும் உடைந்திருந்தது. லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் அவர் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தார். ரயில் சரியான நேரத்தில் நிறுத்தப்பட்டதால் காயத்தோடு தப்பினார். தற்கொலை முயற்சி அப்போது குற்றம், போலீஸ் பிடித்தது. ஹார்டி ஓடிப்போய், இவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று சொல்லி மீட்டார். உண்மையில் அப்போது அவர் உறுப்பினரே இல்லை! சில மாதம் கழித்து, 1918 மே மாதம்தான் அந்தப் பெருமை கிடைத்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆனார், அந்தக் கல்லூரியில் முதல் இந்தியர்.

(மன உளைச்சலில் இருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் டெலிமானஸ் 14416 எண்களில் 24 மணி நேரமும் பேசலாம்.)

டாக்டர்களுக்குத் தெரியாத ஆபரேஷன்

சிகிச்சையின்போது ஒரு நிபுணர் அவரைப் பரிசோதித்தார். அதுவரை பார்த்த டாக்டர்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் கண்டுபிடித்தார். இந்த நோயாளிக்கு இந்தியாவிலேயே ஒரு ஆபரேஷன் நடந்திருக்கிறது!

அதாவது, அதுவரை சிகிச்சை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. 1910-ல் நடந்த ஆபரேஷன் அந்த டாக்டர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் கேட்கவில்லையா, இவர் சொல்லவில்லையா? இடமும் அப்படி, வேறு மொழியில் வேறு ஊர் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். ஒரு டாக்டர் குறிப்பு அடுத்த டாக்டருக்கு முழுதாகப் போகாமலும் இருந்திருக்கலாம்.

சோகம் என்னவென்றால், அந்த நிபுணர் இதைக் கண்டுபிடித்தும் தப்பான முடிவுக்குப் போனார். அந்த ஆபரேஷனில் எடுத்தது புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம், அது கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம் என்று சந்தேகித்தார். மாதங்கள் போயும் அப்படி எதுவும் நடக்கவில்லை. மறுபடி டிபிக்கே வந்து நின்றார்கள். கல்லீரல் என்ற வார்த்தை வரை வந்துவிட்டார்கள், பழைய சீதபேதி வரைக்கும் போகவில்லை.

திரும்பி வந்தார்

1918 நவம்பரில் போர் முடிந்தது. ஹார்டி சென்னைக்கு எழுதி, ஊருக்கு அனுப்புவதே நல்லது என்றார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் 5 ஆண்டுக்கு ஒதுக்கியது. 1919 ஜனவரியில் பட்னி நர்சிங் ஹோம் படுக்கையிலிருந்து ராமானுஜன் அதற்குப் பதில் எழுதினார். இவ்வளவு எனக்குத் தேவைப்படாது, பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்து, என் செலவு போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், ஆதரவற்ற குழந்தைகள் படிப்புக்குக் கொடுங்கள் என்பதுதான் சாரம். ஒரு காலத்தில் ஆபரேஷனுக்குக் காசில்லாமல் தவித்தவர் எழுதியது இது.

பிப்ரவரி 27-ல் கப்பல் ஏறி மார்ச்சில் பம்பாய் வந்தார். அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். ஜானகி எங்கே என்று கேட்டார். அவர் வரவில்லை.

சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சந்திரசேகர், இவரும் காசநோய் நிபுணர்தான், பார்த்துக்கொண்டார். தஞ்சாவூரில் தங்கலாம் என்ற யோசனை வந்தபோது, அது தான் சாகும் ஊர் என்று பெயரைப் பிரித்து ராமானுஜன் கேலி செய்ததாகச் சொல்வார்கள். உடம்பு எலும்பும் தோலுமாகியும் சிலேடை போகவில்லை.

கடைசி மாதங்களில் சேத்துப்பட்டு வீட்டில் ஜானகிதான் கூடவே இருந்தார். வலி வரும்போது வெந்நீரில் நனைத்த துணியால் நெஞ்சுக்கும் காலுக்கும் ஒத்தடம் கொடுப்பார். ஐந்து வருடம் எந்தக் கடிதமும் போய்ச் சேராத இருவருக்கும் கிடைத்த நாட்கள் இவ்வளவுதான். 1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். அதில் உடம்பைப் பற்றிப் புலம்பல் இல்லை, மாக் தீட்டா சார்புகள் என்ற புத்தம்புதிய கணிதம் இருந்தது. ஏப்ரல் 26-ல் இறந்தார். வயது 32. கடல் தாண்டிப் போனவர், பரிகாரம் செய்துகொள்ளவில்லை என்று உறவினர்கள் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை.

1994-ல் வந்த பதில்

டாக்டர் சௌரிமுத்து பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பி 1928-ல் ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். சென்னைக்காரர்கள் தினமும் எலக்ட்ரிக் டிரெயினில் கடந்து போகும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

ராமானுஜனின் நோய் என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது. 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய கடிதங்கள், குறிப்புகளை எல்லாம் எடுத்து அலசினார். விட்டு விட்டு வந்த காய்ச்சல், கல்லீரல் பக்க வலி, இந்தியாவில் வந்த சீதபேதி. எல்லாம் சேர்ந்து காட்டியது டிபியை அல்ல, கல்லீரலில் அமீபா தொற்றை என்றார் அவர். சீதபேதியை உண்டாக்கும் அமீபா சரியாகக் குணமாகாவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்து பிறகு கல்லீரலைத் தாக்கும். நூறு சதவீதம் உறுதி செய்ய இப்போது வழியில்லை. ஆனால் இன்று பலரும் ஏற்பது இந்த விளக்கத்தைத்தான்.

இதில் நெஞ்சை அறுப்பது என்ன தெரியுமா? கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தாலும், கண்டுபிடித்திருந்தால் அந்தக் காலத்திலேயே குணப்படுத்தியிருக்கலாம். எமெட்டின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் இது சரியாகும் என்று 1912-லேயே லெனார்டு ரோஜர்ஸ் காட்டிவிட்டார். அதுவும் எங்கே, நம்ம கல்கத்தாவில்! போர்முனையில் இதே நோய் வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை, ராமானுஜன் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிய காலத்தில் வெற்றிகரமாகக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

யங்கின் கட்டுரை வந்த அதே 1994-ன் ஏப்ரல் 13-ல் ஜானகி அம்மாள் சென்னையில் காலமானார். வயது 95. தையல் தைத்துப் பிழைத்து, ஒரு பையனை எடுத்து வளர்த்து, கணவர் போன பிறகு 74 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.